'அதெல்லாம் சைஸ் வேலை'

குதிரையேற்றம் கற்கும் பிள்ளை எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று பினாங்கில் ஒரு பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். டிராட் வந்துவிட்டது, அடுத்த மாதம் கேண்டர், வருடக் கடைசிக்குள் ஜம்பிங் என்று பதில் வரும். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யத் தெரியுமா, வெயிலில் ஓடிவந்த குதிரையை எப்படி ஆற்றுவது என்று தெரியுமா என்று அடுத்த கேள்வியைப் போட்டால், "அதெல்லாம் சைஸ் வேலை" என்பார்கள். சைஸ் என்றால் லாயத்தில் குதிரையைக் கவனித்துக்கொள்ளும் ஆள். சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் சவாரிப் பாடத்தையே அடியோடு தவறாகப் புரிந்துகொண்ட பேச்சு அது. பெற்றோரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சொல்லித்தருகிறவர்களிலும் பலர் அதையே நம்பி, குதிரை சீரான டிராட்டிலா, பாய்ந்தோடும் கேண்டரிலா, எந்த நடையில் போகிறது என்பதை மட்டும் வைத்து மாணவர்களுக்குப் படி பிரிக்கிறார்கள்.

இதை மறுக்க வேண்டிய நேரம் இது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப், 2025 மே மாதக் கடைசியில் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலிலும் கடைசிக் குதிரை ஓடி முடித்தது. பந்தயம் சூதாட்டம், ஒழிந்தது நல்லது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பந்தயம் போன பிறகு இந்தத் தீவில் குதிரை மிஞ்சப்போவது பெரும்பாலும் சவாரி கற்றுத்தரும் லாயங்களில்தான். அங்கே எது பாடமாகிறதோ அதுதான் இனிமேல் பினாங்குக்குத் தெரிந்த குதிரை அறிவு.

எதிர்த்தரப்பு சொல்வதைக் குறைக்காமல் வைக்கிறேன். ஒரு பாடம் முக்கால் மணி நேரம். அதற்குக் கட்டும் வெள்ளி கொஞ்சம் அல்ல. அதில் பாதியைக் குதிரைக்குத் தேய்த்துவிடுவதில் செலவழிப்பது ஏமாற்று. சின்னப் பிள்ளை ஐந்நூறு கிலோ விலங்கின் காலடியில் குனிந்து நிற்பது ஆபத்து. முதுகில், ஆசிரியர் கண்முன்னால் இருப்பதே பாதுகாப்பு. சாணி அள்ளச் சொன்னால் பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும். ஒலிம்பிக் வீரர்களுக்கே குதிரையைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. கார் பந்தய ஓட்டுநர் இன்ஜின் பிரிக்கிறாரா? கடைசியாக, சைஸ் என்பவர் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார்; அவர் வேலையில் நாம் ஏன் கை வைக்க வேண்டும்? ஒவ்வொன்றும் முதல் கேள்வியில் நியாயமாகவே படும். ஒவ்வொன்றையும் இரண்டாவது கேள்வி வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

1. சவாரி வேறு, பராமரிப்பு வேறு என்ற பிரிவினை முதலில் பொய்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். வலப்பக்க வட்டத்தில் கேண்டர் எடுக்கச் சொன்னால், ஒரு குதிரை திரும்பத் திரும்ப இடது காலை முன்னிறுத்தியே எடுக்கிறது. சவாரி மட்டும் கற்ற மாணவருக்கு இதற்கு ஒரே விளக்கம்தான் தெரியும்: குதிரை பிடிவாதம் பிடிக்கிறது. குதிகாலால் அழுத்துவார், பிரம்பை எடுப்பார். ஆனால் வலது கேண்டரைத் தொடங்கித் தரும் கால் இடது பின்னங்கால். அந்தக் காலில் வலி இருந்தால் குதிரை அதில் எடையை ஊன்றித் தள்ளப் பயப்படும். குளம்பின் நடுவே இருக்கும் தவளை என்ற மெத்தைப் பகுதி அழுகியிருக்கலாம். லாடம் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். தசைநார் வீங்கத் தொடங்கியிருக்கலாம். மாணவர் கோணலாக உட்கார்ந்திருப்பதும் காரணமாகலாம். இந்த நான்கில் எது என்று கண்டுபிடிப்பது சவாரித் திறனா, பராமரிப்புத் திறனா? பிரிக்க முடியாது. வலியையும் பிடிவாதத்தையும் பிரித்தறியத் தெரியாதவர் முதுகில் இருந்துகொண்டு எடுக்கும் ஒவ்வொரு முடிவும் குருட்டடி.

காதைப் பின்னால் மடக்குவது, வாலைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பது, சேணத்தின் வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது எல்லாம் குதிரை சொல்லும் சேதி. இந்தச் சேதியை முதுகிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது. தினம் அருகில் நின்று, தொட்டு, அது ஆரோக்கியமாக இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் அது மாறும்போது தெரியும்.

பினாங்குக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் சவாரி லாயங்களில் நிற்பவற்றில் கணிசமானவை ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள். வாழ்நாளின் நல்ல பகுதியை வேகமாக ஓடக் கற்றுக் கழித்தவை. அவற்றில் பலவற்றுக்கு, கடிவாளம் இறுகுவது நில் என்ற கட்டளை அல்ல. வாயில் ஒரு பிடிமானம் கிடைத்தால் அதன்மேல் சாய்ந்து வேகமெடுக்கப் பழகியவை அவை. பயந்துபோன மாணவர் கயிற்றை இழுக்க இழுக்கக் குதிரை வேகம் கூட்டும். குதிரை வேகம் கூட்டக் கூட்ட மாணவர் இன்னும் இழுப்பார். இந்த முடிச்சை அவிழ்க்கும் பாடம் தரையில்தான் தொடங்குகிறது: கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், நின்று, பின்னால் ஓர் அடி வைக்கச் சொல்லி, அது வைத்ததும் உடனே பிடியைத் தளர்த்துவது. அழுத்தம் எப்போது கொடுப்பது, எப்போது விடுவது என்ற கணக்கு கையில் ஏறாமல் முதுகில் ஏறினால், டிராட் வந்ததும் கேண்டர் வந்ததும் அதிர்ஷ்டம், திறன் அல்ல.

2. கட்டிய பணத்துக்கு என்ன வாங்குகிறோம்?

முக்கால் மணி நேரமும் முதுகில் இருப்பதையா? அப்படியானால் அந்தப் பணத்தில் குதிரையின் உடம்பும் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிட்டோம். நம் ஊரில் பகல் வெயில் 32 டிகிரி. காற்றில் ஈரப்பதமோ பெரும்பாலான நாட்களில் எண்பது சதவீதத்தைச் சுற்றி. குதிரை தன் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் வியர்வையால். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை உலராது, வழியும். வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. இதைவிட மோசமான நிலையும் உண்டு. வெப்ப நாடுகளில் வேலை செய்யும் குதிரைகளில் சில வியர்ப்பதையே நிறுத்திவிடும். குளிர்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த குதிரைகளிடம் வெள்ளைக்காரர் காலத்திலேயே கண்டு, டிரை கோட் என்று பெயர் வைத்தார்கள். ரோமம் உலர்ந்து கிடக்கும், மூக்கு விரிந்து மூச்சு இரைக்கும். பார்க்கத் தெரியாதவருக்கு அது நன்றாக ஆறிய குதிரை மாதிரி இருக்கும். அடுத்த மாணவர் அதன்மேல் ஏற்றப்படுவார்.

அதனால்தான் பாடத்தின் கடைசிப் பகுதி குதிரையை ஆற்றுவதாக இருக்க வேண்டும். சேணத்தை இறக்கி, தண்ணீர் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றி, நிழலில் நடத்தி, விலா ஏறி இறங்குவதை எண்ணுவது. ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். நாடித்துடிப்பு 28 முதல் 44 வரை. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி வரை. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்று எண்ணும் மனப்பாடமாகிவிடும். தாடை ஓரத்தில் விரலை வைத்து நாடியைத் தேடிப் பிடித்த பிள்ளையின் முகத்தை ஒரு முறை பார்த்தவர் யாரும், அந்த ஐந்து நிமிடத்தைக் கட்டணத்தில் கழித்துக் கேட்க மாட்டார்.

பாடத்தின் தொடக்கமும் அப்படித்தான். சேணத்தைப் போட்டு வாரை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலு நிமிடம் நடந்த பிறகு அதே வாரில் மூன்று விரல் நுழையும். மறுபடி இறுக்காமல் டிராட் எடுத்தால் சேணம் பக்கவாட்டில் சரியும், மாணவர் அதோடு சரிவார். சேணம் போட்டு நிறுத்திய குதிரையில் ஏறி, முடிந்ததும் இறங்கிக் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் மாணவருக்கு இது தெரிய வழியில்லை. அவர் உயிர் யாரோ வாரை இறுக்கியதில் தொங்குகிறது. அந்த யாரோ அன்றைக்கு விடுப்பில் இருந்தால்?

3. தரையில் ஆபத்து என்பது உண்மை. அதிலிருந்து வரும் முடிவு தலைகீழ்.

குதிரையால் ஏற்படும் காயங்களில் கணிசமான பங்கு, ஏறாமல் தரையில் நிற்கும்போது நடப்பவை: உதை, மிதி, சுவரோடு நசுக்கல். ஆகவே பிள்ளையைத் தரையில் நிறுத்தாதே என்கிறார்கள். ஆனால் எந்தச் சவாரியும் தரையில் தொடங்கித் தரையில்தான் முடிகிறது. ஏறும் கட்டைக்குப் பக்கத்தில் நடந்து போக வேண்டும், இறங்கிய பிறகு நிற்க வேண்டும், விழுந்தாலும் தரையில்தான். தவிர்க்க முடியாத இடத்தை ஆபத்தான இடம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அங்கே எப்படி நிற்பது என்று சொல்லித்தராமல் விடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

சொல்லித்தர வேண்டியவை மாயவித்தை அல்ல. குதிரைக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் கண் தெரியாது. ஆகவே தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். பின்பக்கம் கடக்க வேண்டுமானால் பின்தொடையில் கை வைத்து உடம்போடு ஒட்டிப் போ, அல்லது உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போ. இரண்டுக்கும் நடுவில் போகாதே. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, மடித்துப் பிடி. கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் போடு. தரையிலும் தலைக்கவசம் போடு. இவை ஒரு வாரத்தில் பழகிவிடும். இவை தெரியாமல் இரண்டு ஆண்டு கேண்டர் பழகியவரைத்தான் நான் ஆபத்தில் இருப்பவர் என்பேன்.

4. பிள்ளைக்குச் சலித்துவிடுமா?

1929-இல் பிரிட்டனில் தொடங்கிய போனி கிளப் இன்று உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்காகவே நடக்கும் அமைப்பு அது. அதன் தேர்வுப் படிகளில் தொடக்க நிலையிலிருந்தே சவாரியோடு குதிரைப் பராமரிப்பும் சேர்த்துத்தான் சோதிக்கப்படுகிறது. ஜெர்மனியில், குதிரையைத் தரையில் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்ற சான்றிதழ் கையில் இல்லாமல் மேல்நிலைச் சவாரிப் பட்டயங்களுக்குப் போக முடியாது. குதிரையேற்றத்தில் அதிகப் பதக்கங்களைக் குவிக்கும் நாடுகளில் ஒன்று அது. வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளியில் சேரும் இளைஞர் லாய வேலையிலும் தோல் சாமான்களைத் துடைப்பதிலும் தொடங்கி, கயிறும் அங்கவடியும் இல்லாமல் ஆசிரியர் நீளக் கயிற்றில் சுற்றவிடும் குதிரைமேல் உட்காரப் பழகுகிறார். முழுச் சவாரிக்காரர் ஆகப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். சலிப்பூட்டும் முறை என்றால் இவை என்றைக்கோ காலியாகியிருக்க வேண்டும்.

சலிப்பு வருவது வேறோர் இடத்தில். ஒரே வட்டத்தில் ஒரே குதிரையில் டிராட், கேண்டர் என்று சுற்றி, வேகத்தைத் தவிர முன்னேற்றத்துக்கு வேறு அடையாளமே இல்லாத பிள்ளைக்கு, ஜம்பிங் வரைக்கும் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. பதினான்கு வயதில் டியூஷன் காரணம் காட்டி நின்றுவிடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட குதிரையின் குளம்பு மழைக்காலத்தில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அறிந்த பிள்ளை அவ்வளவு சுலபத்தில் நிற்காது. அதன் பொறுப்பில் ஓர் உயிர் இருக்கிறது.

5. பெரிய வீரர்களுக்கு உதவியாள் இருக்கிறார், உண்மை. அவர்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள்?

உதவியாள் செய்வது சரியா தவறா என்று ஒரே பார்வையில் சொல்லத் தெரிந்த பிறகுதான் அவர்கள் அவரிடம் விட்டார்கள். தெரிந்தவர் ஒப்படைப்பதும் தெரியாதவர் ஒதுக்குவதும் ஒன்றல்ல. கார் ஒப்பீடும் நிற்காது: இன்ஜினுக்கு வயிற்றுவலி வராது, வந்தால் மறைக்கவும் செய்யாது. குதிரை கூட்டமாக வாழ்ந்து, இரையாகாமல் தப்பிப் பிழைத்த விலங்கு. பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது அதன் இயல்பு. வாந்தி எடுக்க முடியாத உடலமைப்பு அதற்கு. உள்ளே போன தப்பான தீனி வெளியே வர ஒரே வழிதான், அது குடல் முழுக்கக் கடந்து. வயிற்று வலியில் ஒரு குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதையும், காலால் தரையைக் கீறுவதையும், சாணி போடாமல் இருப்பதையும் முதலில் கவனித்துச் சொல்பவர் அதைக் காப்பாற்றுகிறார். அங்கே நிற்பது மாணவராக இருந்தால் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில், எப்படி ஏறுவது என்பதற்கு முன்னால் குதிரையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தொடங்கி, குளம்பைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறார். லாயம் எங்கே இருக்க வேண்டும், தரை எப்படி இருக்க வேண்டும், தேய்த்துவிடுபவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கடுத்து வருகின்றன. குதிரைப்படையை நடத்தியவருக்கு இந்த வரிசை இயல்பாகத் தோன்றியிருக்கிறது.

6. உண்மையான தடை இதுவரை சொன்ன எதுவும் அல்ல.

'சைஸ் வேலை' என்று சொல்லும்போது குரல் ஒரு படி இறங்குகிறதே, அதுதான். சாணி, மூத்திரம், வியர்வை நாற்றம் எல்லாம் வேறொருவருக்கு; முதுகில் நிமிர்ந்து உட்காருவது நம் பிள்ளைக்கு. இந்த நாட்டில் அந்த வேறொருவர் பல தலைமுறையாக யார்? போயான்காரர்கள், மலாய்க்காரர்கள், நம் ஆட்கள். பந்தய லாயங்களில் விடியுமுன் எழுந்து குதிரையை நடத்தியவர்களில் தமிழர்கள் பலர். இப்போது பணம் சேர்த்துப் பிள்ளையைச் சவாரிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களே அந்த வேலையைக் கை நீட்டி விலக்கி வைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நம் கதைகள் அப்படிச் சொல்லவில்லை. பாரதப் போரின் பதினான்காம் நாளில் ஜயத்ரதனைத் தேடிப் போகும் வழியில் குதிரைகள் களைத்துப்போகின்றன. அர்ச்சுனன் தேரை விட்டிறங்கி எதிரிகளைத் தடுத்து நிற்க, கண்ணன் நடுப் போர்க்களத்தில் குதிரைகளை அவிழ்த்து, தைத்த அம்புகளைப் பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, மறுபடி பூட்டுகிறான். அந்த நாளில் வெல்ல ஒரு சூரியாஸ்தமனம்தான் கெடு. அந்த அவசரத்திலும் பாரதம் குதிரைக்கு நேரம் ஒதுக்குகிறது. விராடனிடம் மறைந்து வாழப் போன நகுலன் தேர்ந்தெடுத்தது குதிரைப் பொறுப்பு. நளன் கதையில் அயோத்தி மன்னன் இருதுபன்னன், வாகுகன் என்ற பெயரில் தன்னிடம் வேலை பார்க்கும் நளனிடம் குதிரை வித்தையைக் கேட்டு, பதிலுக்குத் தன் எண் வித்தையைத் தருகிறான். மன்னன் கற்க விரும்பிய அறிவு அது. மெலிந்து கிடந்த குதிரைகளை நளன் ஏன் தேர்ந்தான் என்று அவனுக்கு முதலில் புரியவில்லை, புரியாதபோது கேட்டான்.

கதை வேண்டாம், வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு நம் வரலாற்றிலேயே இதைவிடக் கசப்பான பாடம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: பராமரிக்கத் தெரியவில்லை, குதிரை வைத்தியர் இல்லை, விற்கும் வணிகர்கள் வைத்தியரை வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் விவரமாகச் சொல்கிறார். வறுத்த பார்லியும், வெண்ணெய் சேர்த்து வேகவைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் தீனி. நாற்பது நாள் லாயத்தில் அசையவிடாமல் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்து, பழக்காமலேயே ஏறி வெறிகொண்டு ஓட்டுவார்கள். கொஞ்ச காலத்தில் பலமான குதிரையும் ஒன்றுக்கும் உதவாமல் போகும். இருவரும் வெளியூர்க்காரர்கள், மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் சொன்ன தீனியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். குதிரையின் இரைப்பை உடம்போடு பார்க்க மிகச் சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்ந்து, அதைப் பின்குடலில் நொதிக்கவைத்துச் செரிக்கும் பிராணி அது. அதற்கு வெண்ணெயும் பாலும் அன்பு அல்ல, நஞ்சு. பாண்டியர்களிடம் பொன் இருந்தது, ஏறி ஓட்ட ஆள் இருந்தது. தீனியும் குளம்பும் தெரிந்த ஆள் போதவில்லை. கருவூலம் கடலில் போனது.

7. சைஸின் பிழைப்பில் கை வைக்காதீர்கள் என்ற கடைசி வாதத்துக்கு வருகிறேன்.

அக்கறையாகத் தோன்றும் இந்த வாதம்தான் அவருக்கு மிகவும் தீங்கு செய்கிறது. அவர் வேலை சாணி அள்ளுவது மட்டும்தான் என்று ஏற்றுக்கொண்டால், சாணி அள்ள யாரும் போதும், யார் குறைந்த கூலிக்கு வருகிறாரோ அவர் போதும். பந்தயம் நின்ற பிறகு அதுதான் நடக்கும். முப்பது வருடம் காலில் சூடு பார்த்த கைக்கும், நேற்று வந்த கைக்கும் ஒரே சம்பளம்.

காலில் சூடு பார்ப்பது என்றால் என்னவென்று பார்த்திருக்கிறீர்களா? அனுபவப்பட்ட ஒரு சைஸ் காலையில் லாயத்துக்குள் போனதும் முதலில் தீவனத் தொட்டியைப் பார்ப்பார், மிச்சம் இருக்கிறதா என்று. பிறகு சாணியை. பிறகு குனிந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு முன்னங்கால்களின் பின்பக்கத்தையும் ஒரே நேரத்தில் இரு கையாலும் வருடிக்கொண்டே இறங்குவார். ஒரு கையில் கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்பு, தசைநார் விளிம்பு கொஞ்சம் மழுங்கல்; அவ்வளவுதான் அறிகுறி. குதிரை இன்னும் நொண்டத் தொடங்கவில்லை. அன்றைக்கு அதை ஓட்டினால் ஆறு மாதம் லாயத்தில் நிற்கும். இரண்டு வாரம் விட்டால் தப்பிக்கும். பக்கத்தில் நிற்கும் மாணவியிடம், "கையை வைம்மா, ரெண்டு காலையும் சேத்துப் பாரு, எது வித்தியாசம்னு நீயே சொல்லு" என்று சொல்லி ஒதுங்கி நிற்கும் சைஸைவிட நல்ல ஆசிரியர் அந்த லாயத்தில் யாரும் இல்லை. ஆனால் கட்டணச் சீட்டில் அவர் பெயர் இருக்காது.

இந்த அறிவு இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. பந்தயத்திலிருந்து வெளியேறும் குதிரைகள் சவாரி லாயங்களுக்கும், தோட்டம் வைத்திருக்கும் தனியாருக்கும் போகின்றன. வாங்குபவர்களில் பலர், முதுகில் ஏறத் தெரிந்தால் வைத்துக்கொள்ளத் தெரியும் என்று நம்புகிறவர்கள். 2020-இல் ஆப்பிரிக்கக் குதிரைநோய் தாய்லாந்தில் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்றது. அதே ஆண்டு மலேசியாவில் திரெங்கானு வரைக்கும் வந்தது. பரப்புவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கடிபூச்சி. அது அதிகம் பறப்பது அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும், அதாவது வெயிலுக்குப் பயந்து நாம் பிள்ளைகளுக்குப் பாடம் வைக்கும் நேரத்தில். நுண்வலை கட்டுவதும், அந்தி சாயுமுன் குதிரையை உள்ளே சேர்ப்பதும், காய்ச்சல் பார்ப்பதும் யார் வேலை? குதிரை வைத்திருக்கும் எல்லாருடைய வேலையும்.

ஆகவே படியைத் திருத்தி அமைக்க வேண்டும். என் வரிசையைச் சொல்கிறேன். குதிரையைத் தனியாகக் கூட்டி வந்து, கட்டி, நான்கு குளம்பையும் குதிகாலிலிருந்து முனை நோக்கிச் சுத்தம் செய்து, அழுகல் நாற்றம் இருக்கிறதா என்று சொல்லத் தெரியாத மாணவர், நீளக் கயிற்றிலிருந்து விடுபட்டுத் தனியாக டிராட் எடுக்கக் கூடாது. சேணத்தைத் தானே போட்டு, வாரை இரண்டு முறை சரிபார்த்து, பாடம் முடிந்ததும் மூச்சையும் நாடியையும் எண்ணிக் குதிரையை ஆற்றத் தெரியாதவருக்கு கேண்டர் கிடையாது. காலில் சூடும் வீக்கமும் கண்டுபிடிக்கத் தெரியாதவரை ஜம்பிங்குக்கு விடக் கூடாது, ஏனென்றால் தாண்டி இறங்கும் ஒவ்வொரு தடவையும் எடையை வாங்குவது அந்த முன்னங்கால். பெற்றோர் கோபிப்பார்கள், இரண்டு மாதம் முன்னேற்றம் இல்லை என்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை என்ன கற்றது என்பதற்கு ஒரு முன்னேற்றப் புத்தகம் இருக்கட்டும். அதில் சவாரிப் பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்திடட்டும், பராமரிப்புப் பக்கத்தில் சைஸ் கையெழுத்திடட்டும். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் அடுத்த படி இல்லை. பராமரிப்புக் கையெழுத்துக்கு உரிய பங்கு, மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து, ஆசிரியர் என்ற பெயரிலேயே, சைஸுக்குப் போக வேண்டும். டர்ஃப் கிளப் லாயங்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருப்பவர்களை, சவாரிப் பள்ளிகள் இந்தச் சம்பளத்தில், இந்த ஆண்டே கூப்பிட வேண்டும்.